முதியோரின் அலட்சியமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வார மருத்துவப் பக்கத்தில், 'மருந்தால் முதியோருக்கு வரும் தொல்லைகளுக்குப் பெரும்பாலும் அவர்களின் மறதியும் அலட்சியமுமே காரணம்' என்று ஒரு வரி வந்திருந்தது. 28 ஆண்டுகளாக உங்கள் இதழை வாங்குகிறவன் நான். அந்த வரிக்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை.

என் மனைவிக்கு 73 வயது. மறதி அவளுக்குக் கிடையாது. பால்காரர் போன மாதம் வராத நாட்களை இன்றும் தேதியோடு சொல்வாள். இரத்த அழுத்தத்துக்கு ஒரு மருத்துவர் அம்லோடிபின் எழுதிக் கொடுத்தார். வேளை தவறாமல் சாப்பிட்டாள். இரண்டு மாதத்தில் கணுக்கால்கள் வீங்கின. அந்த மாத்திரையே வீக்கம் தரக்கூடும் என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. இன்னொரு மருத்துவரிடம் போனோம். நீட்டிய பழைய சீட்டை அவர் கையில்கூட வாங்கவில்லை. நீர் பிரிவதற்குக் காலையும் மாலையும் ஒரு மாத்திரை எழுதினார். இரவெல்லாம் எழுந்து எழுந்து தூக்கம் கெட்டது. அதைச் சொன்னதும் தூக்கத்துக்கு அல்பிரசோலம் என்ற மாத்திரை வந்தது. பங்குனியில் ஒரு விடியற்காலை கழிவறை வாசலில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள்.

அறுவை சிகிச்சை முடிந்த பிறகு, "வயதானவர்கள் கவனமாக இருக்க வேண்டாமா அம்மா?" என்று அவளைத்தான் கேட்டார்கள். அவள் பதில் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நாற்பது ஆண்டு சமையலில் உப்பைக்கூடக் கண்ணளவில் போடாமல் கரண்டியால் அளந்து போட்டவள், ஆசிரியர் அவர்களே.

மருந்தியல் படிக்கும் என் பேத்திதான் பிறகு விளக்கினாள். ஒரு மருந்தின் பக்க விளைவைப் புது நோய் என்று நினைத்து அதற்கும் மருந்து எழுதுவதைப் பற்றி ரோஷோன், குர்விட்ஸ் என்ற இருவர் 1997-இலேயே பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதிவிட்டார்களாம். இதயம் பழுதுபடாமல் கணுக்கால் மட்டும் வீங்கினால் அதற்காக முதியவருக்கு நீர் மாத்திரை தரக்கூடாது என்று முதியோருக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகளைத் தொகுத்து அயர்லாந்து மருத்துவர்கள் 2008-இல் வெளியிட்ட 'ஸ்டாப்' பட்டியல் சொல்கிறது. அல்பிரசோலம் வகை மாத்திரைகள் முதியவர்களைத் தடுமாறி விழச் செய்யும் என்று அதேபோன்ற அமெரிக்காவின் பியர்ஸ் பட்டியல் எச்சரிக்கிறது. அது 1991-இல் தொடங்கி 2023 வரை திருத்தப்பட்டு வருகிறது. உங்கள் கட்டுரையாளர் மருத்துவர். இவை அவருக்குத் தெரியாதவை அல்ல. உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

இன்னும் சொல்ல இருக்கிறது. மருந்துக் கடையில் பத்து மாத்திரை கேட்டால் அட்டையைக் கத்தரித்துத் தருகிறார்கள். பெயரும் காலாவதித் தேதியும் கடையிலேயே தங்கிவிடுகின்றன. அடுத்த மாதம் அதே மருந்து வேறு பெயரில், வேறு நிறத்தில் வருகிறது. பழையது தீராத வீட்டில் இரண்டையும் விழுங்குவார்கள். அதற்குப் பெயர் மறதியா? வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவமனை தரும் குறிப்பு முழுவதும் ஆங்கிலத்தில் இருக்கிறது. வயதானால் சிறுநீரகத்தின் வேகம் குறையும், அதனால் மருந்தின் அளவும் குறைய வேண்டியிருக்கும். ஆனால் அளவை எழுதுமுன், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் இரத்தப் பரிசோதனையின் அளவை என் மனைவியிடம் யாரும் கேட்டதில்லை. இதையெல்லாம் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே உங்கள் 'மருத்துவர் பதில்கள்' பகுதிக்கு எழுதினேன். பதில் வரவில்லை.

முதியோர் மருத்துவத்துக்கென்று தனி மேற்படிப்பை இந்தியாவிலேயே முதலில், 1996-இல், தொடங்கியது நம் சென்னை மருத்துவக் கல்லூரி. கிண்டியில் முதியோருக்கெனத் தேசிய மையமே இருக்கிறது. ஆனால் இடுப்பு முறிந்தவளை மன்னார்குடியிலிருந்து ஓர் இரவுப் பயணமாக அங்கே எப்படி அழைத்துப் போவேன்?

அந்த வரிக்கு வருத்தம் தெரிவிக்கும்படி நான் கேட்கவில்லை. மருந்தின் பக்க விளைவை நோயாளியே நேரடியாகத் தெரிவிக்க அரசின் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800-180-3024 இருக்கிறது. அதை வாரந்தோறும் மருத்துவப் பக்கத்தின் அடியில், எங்கள் கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் அச்சிடுங்கள். பக்கத்தில், 'சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் கொண்டு போங்கள்' என்றும் ஒரு வரி சேர்த்தால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்,
மன்னார்குடி.