மீன் வாடையோடு ஒரு கடிதம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்கள் 'ஹலோ' என்பதற்குள் அம்மா போனை வாங்கிவிடுவார் என்பதால், பாம்பனுக்குத் தபாலில் எழுதுகிறேன். வங்கி வேலையை விட்டுவிட்டேன். மூன்று மாதமாகத் தேக்கா ஈரச்சந்தையில் மீன் வெட்டுகிறேன். பயப்பட வேண்டாம்; நான் சிங்கப்பூர் நிரந்தரவாசி என்பதால், வேலை மாறியதற்காக விமானம் ஏற்றிவிட மாட்டார்கள்.

மகன் கையில் மீன் வாடை படக் கூடாது என்று நீங்கள் படகை அடகு வைத்துப் படிக்க வைத்ததை நினைத்தால் எனக்கே சிரிப்பும் கூச்சமும் ஒன்றாக வருகின்றன. கடன் வாங்கியவர் எப்போது மூழ்குவார் என்று கணக்குப் பார்ப்பதுதான் வங்கியில் என் வேலை. அதில் நான் முந்திக்கொண்டேன். மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் 61 நாள் கரையில் கிடக்கும், நீங்களும் வலையைப் பழுது பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவீர்கள். எட்டு ஆண்டுகளில் எனக்கு அப்படியொரு தடைக்காலம் வாய்க்கவே இல்லை. உறக்கத்தில் பல்லைக் கடித்துக் கடித்துக் கடைவாய்ப் பல் ஒன்று பிளந்துபோக, பல் மருத்துவர் இரவில் மாட்டிக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் உறை கொடுத்தார். அந்த உறையையும் கடித்து ஓட்டையாக்கிய பிறகுதான் ராஜினாமா எழுதினேன்.

முதலாளி நாகூர்க்காரர். முதல் நாள் கிழங்கான் வாங்க வந்த ஓர் அம்மாளிடம், நாளை விலை குறைய வாய்ப்பு உண்டு என்று பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டேன். அவர் கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்று முதல் எனக்கு வெட்டும் வேலை மட்டும்தான். மலாய்க்காரர்கள் வாவலைப் 'பாவல்' என்பதால் மொழிக் கவலை பாதி தீர்ந்தது. செதில்தான் தீராது. நேற்று எம்.ஆர்.டி. ரயிலில் பக்கத்தில் இருந்தவர் என் காது மடலில் ஒட்டியிருந்த செதிலைச் சுட்டிக்காட்டிவிட்டு, அடுத்த பெட்டிக்கே எழுந்து போனார்.

சம்பளம் மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. அனுப்பும் பணமும் குறையும், அதை மறைத்துப் பயனில்லை. ஆனால் மதியம் பலகையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டால், வெட்டிய மீனை மறுபடி வெட்டித் தரச் சொல்லி இரவு பதினொரு மணிக்கு யாரும் கூப்பிடுவதில்லை. அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். கல்யாணத் தரகரிடம் இருக்கும் தாளில் 'வங்கி மேலாளர்' என்பதை யார் அடிப்பது என்று நீங்கள் இருவரும் பேசி முடிவு செய்யுங்கள்.

இன்னொன்று. இங்கே திருக்கையைச் சம்பல் தடவி வாழையிலையில் வைத்துச் சுடுகிறார்கள், அதனால் நிறைய வருகிறது. நீங்கள் அதன் தோலை ஒரே இழுப்பில் உரிப்பீர்களே, முதல் கீறல் வாலடியிலா, சிறகோரத்திலா? எனக்கு ஒவ்வொரு முறையும் பாதியில் கிழிகிறது, முதலாளி சிரிக்கிறார். உடனே எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகன்