ஒரு சண்டைக்கு ஒரு கணக்கு: குத்துச்சண்டை புரொமோட்டர்களுக்கும் ஸ்ட்ரீமிங் நிறுவனங்களுக்கும் ஒரு திறந்த மடல்

குத்துச்சண்டை நிகழ்ச்சிகளை நடத்தும் புரொமோட்டர்களுக்கும், அவற்றை இணையத்தில் விற்கும் நிறுவனங்களுக்கும் வணக்கம்.

பே-பெர்-வியூ, அதாவது ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் தனியாகக் காசு கட்டிப் பார்க்கும் முறை, செத்துவிட்டது என்ற அறிவிப்பைக் கேட்பது இது முதல் தடவை அல்ல. 2018 செப்டம்பரில் அமெரிக்காவுக்குள் வந்த டேசோன் என்ற விளையாட்டு ஸ்ட்ரீமிங் நிறுவனம் அதைச் சொல்லித்தான் சந்தா சேர்த்தது. அடுத்த மாதமே மெக்சிகோ வீரர் கனேலோ ஆல்வரெஸுடன் 11 சண்டைகளுக்கு 36.5 கோடி டாலர் ஒப்பந்தம். அது நடுவில் முறிந்தது தனிக்கதை. 2022 மே மாதம் அதே கனேலோ திமித்ரி பிவோலோடு மோதியபோது, மாதாமாதம் சந்தா கட்டுகிறவரிடமே அதே டேசோன் தனியாக 59.99 டாலர் கேட்டது. சந்தா இல்லாதவருக்கு 79.99. செத்ததாகச் சொன்னது எழுந்து வந்து இரண்டு கையாலும் காசு வாங்கியது.

இப்போது காற்று மறுபடி திசை மாறியிருக்கிறது. 2025 செப்டம்பர் 13 அன்று லாஸ் வேகாஸில் நடந்த கனேலோ–கிராஃபர்ட் சண்டையை நெட்ஃபிளிக்ஸ் கூடுதல் கட்டணமில்லாமல் காட்டியது; 4.1 கோடிப் பேருக்கு மேல் பார்த்ததாக அறிவித்தது. கலப்புத் தற்காப்புக்கலைச் சண்டைகளை நடத்தும் யூஎஃப்சி, 2026 முதல் ஏழு ஆண்டுகளுக்கு 770 கோடி டாலர் வாங்கிக்கொண்டு பாரமவுண்ட் ஊடக நிறுவனத்துக்குப் போய், அமெரிக்காவில் தன் பே-பெர்-வியூ கடையையே மூடிவிட்டது. பழைய உச்சம் 2015 மே 2-இல் நடந்த மேவெதர்–பக்கியாவ்: சுமார் 46 லட்சம் விற்பனை. இந்த 46 லட்சத்தை அந்த 4.1 கோடியோடு ஒப்பிட்டுச் சிரிக்க வேண்டாம். விற்பனை என்பது வீட்டுக் கணக்கு; ஒரு ஹாலில் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தாலும் ஒன்றுதான். மற்றது தலைக்கணக்கு.

பே-பெர்-வியூவைக் காப்பாற்றச் சொல்லி இதை எழுதவில்லை. அதில் ஒழிய வேண்டியது நிறைய உண்டு. ஆனால் அதில் ஒரே ஒரு நல்ல குணம் இருந்தது: ஒவ்வொரு சண்டைக்கும் தனிக் கணக்கு. எத்தனை பேர் வாங்கினார்கள், என்ன விலை, யாருக்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க முடிந்தது. சந்தாவுக்கு மாறும் அவசரத்தில் நீங்கள் முதலில் தூக்கிப்போடுவது அதைத்தான்.

விலை 80 டாலர், விற்பனை ஒரு லட்சம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 80 லட்சம் டாலர். கேபிள் காலத்து வழக்கப்படி அதில் பாதி விநியோகஸ்தருக்கு. மிச்சம் 40 லட்சம். அதிலிருந்துதான் மெயின் ஈவென்ட் எனும் முக்கியச் சண்டையின் வீரர்கள் இருவர், அதற்கு முன் நடக்கும் அண்டர்கார்டு சண்டைகளில் வரும் பத்துப் பன்னிரண்டு வீரர்கள், ஒளிபரப்புச் செலவு, விளம்பரம் எல்லாம். சாதாரணச் சண்டையை பே-பெர்-வியூவில் போட்டால் ஏன் கையைக் கடிக்கிறது என்பது இதிலேயே தெரிகிறது. அந்த நஷ்டத்தை ஈடுகட்ட விலையை ஏற்றினீர்கள். 1997-இல் ஹோலிஃபீல்ட்–டைசன் மறுமோதலுக்கு 49.95 டாலர், 2015-இல் மேவெதர்–பக்கியாவை ஹெச்டியில் பார்க்க 99.95. சாதாரணச் சண்டைகளில் விலை ஏற ஏற வாங்குகிறவர் குறைந்தார். திருட்டு ஸ்ட்ரீம் பெருகியது.

கணக்கு எவ்வளவு மோசமாக இருந்தாலும் வீரர் அதைக் கேட்டுப் பார்க்க முடிந்தது. 2000-ஆம் ஆண்டின் முகமது அலி குத்துச்சண்டைச் சீர்திருத்தச் சட்டத்தின்படி, ஒரு சண்டைக்காகத் தான் பெறும் தொகையை புரொமோட்டர் தன் வீரரிடம் வெளிப்படுத்த வேண்டும். ‘அந்தச் சண்டைக்காக’ என்பதில்தான் சூட்சுமம். வருடத்துக்கு 12 நிகழ்ச்சி, மொத்தமாக 6 கோடி டாலர் என்று ஸ்ட்ரீமிங் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்ட பிறகு, மார்ச் மாதச் சண்டைக்கு வந்த பணம் எவ்வளவு? பன்னிரண்டால் வகுத்து 50 லட்சம் என்று ஒரு தாளை நீட்டலாம். அந்த ஒரு இரவுதான் வருடத்தின் மொத்தப் பார்வை நேரத்தில் கால்வாசியைக் கொண்டுவந்தது என்றால், அந்தத் தாளில் பொய் எதுவும் இருக்காது, நியாயமும் இருக்காது.

இதற்கு ஒரு வழி உண்டு. ஒப்பந்தத் தொகையில் பாதியை நிகழ்ச்சிகளுக்குச் சமமாகப் பிரியுங்கள். மறுபாதியை நேரலையில் பார்த்த நிமிடங்களின் விகிதத்தில் பிரியுங்கள். மேலே சொன்ன கணக்கில் சமபங்கு 25 லட்சம், பார்வைப் பங்கு 3 கோடியில் கால்வாசியாக 75 லட்சம், ஆக ஒரு கோடி. வீரர் பேரம் பேச உட்கார வேண்டியது அந்த ஒரு கோடியை வைத்து. முழுவதையும் நிமிடக் கணக்கில் விட்டால் சின்ன நிகழ்ச்சிகளில் ஆடும் இளம் வீரர்கள் காய்ந்துபோவார்கள், அதனால்தான் பாதி. நிமிடக் கணக்கை வெளித் தணிக்கையாளர் சரிபார்க்க வேண்டும். பார்வையாளர் எண்ணிக்கையை நிறுவனமே எண்ணி, நிறுவனமே அறிவித்து, நிறுவனமே கைதட்டிக்கொள்வது போதாது.

அடுத்து, வாங்கியவர் திரையில் என்ன வருகிறது என்பது. இங்கே தொழில்நுட்பக் கோளாறு என்ற ஒற்றைச் சொல்லை வைத்துத் தப்பித்துக்கொண்டே இருக்கிறீர்கள். 2015-இல் மேவெதர்–பக்கியாவுக்கு ஆர்டர்கள் குவிந்து கேபிள் அமைப்புகள் திணறியதால் மெயின் ஈவென்ட் தள்ளிப்போனது. 2017 ஆகஸ்ட் 26, மேவெதர்–மெக்ரெகர்: இணையத்தில் வாங்கிய பலர் உள்ளேயே நுழைய முடியவில்லை. 2024 நவம்பர் 15, பால்–டைசன்: ஒரே நேரத்தில் 6.5 கோடி ஸ்ட்ரீம் வரை ஏறிய இரவில் படம் சுற்றிக்கொண்டே நின்றது பலருக்கு.

இவை ஒரே நோய் அல்ல. வீடியோவை ஊருக்கு ஊர் உள்ள சர்வர்களில் நகலெடுத்து வைத்துப் பரப்பலாம். பால்–டைசன் இரவில் சிக்கியது அந்தப் பாதை. பே-பெர்-வியூவில் முதலில் உடைவது பெரும்பாலும் வாசற்கதவு. பெரும்பகுதி ஆட்கள் கடைசி ஒரு மணி நேரத்தில்தான் வாங்குகிறார்கள். ஒவ்வொருவருக்கும் லாகின், கார்டு சரிபார்ப்பு, வங்கியின் ஓடிபி, பிறகு ‘இவர் வாங்கினாரா’ என்று மையத் தரவுத்தளத்தில் ஒரு தேடல். ஓடிபி தாமதமானால் அவர் திரும்பத் திரும்ப அழுத்துவார். ஒரு வாங்குதல் ஐந்து கோரிக்கையாகப் பெருகும். சில சமயம் பணம் இரண்டு முறை போய்விடும், படம் ஒரு முறைகூட வராது.

செய்ய வேண்டியது அப்படியொன்றும் பெரிய வித்தை இல்லை. மூன்று நாள் முன்பே வாங்குகிறவருக்குக் கணிசமாக விலையைக் குறையுங்கள். கூட்டம் தானாகப் பரவும். வாங்கிய கையோடு, சண்டை முடியும்வரை செல்லுபடியாகும் டிஜிட்டல் அனுமதிச் சீட்டைக் கருவியிலேயே இறக்கிவிடுங்கள். இரவு மறுபடி மையத்தைக் கேட்கத் தேவையிருக்காது. முதல் இரண்டு அண்டர்கார்டு சண்டைகளை எல்லாருக்கும் திறந்துவிடுங்கள்: தன் டிவியில் படம் ஓடுகிறதா என்று பணம் கட்டும் முன்பே பார்த்துக்கொள்வார்கள். அத்தனையும் தாண்டிக் கதவு உடைந்தால் கதவைத் திறந்தே வையுங்கள். காசு கட்டாத சிலர் உள்ளே வருவதால் வரும் நஷ்டம், காசு கட்டியவர் வெளியே நிற்பதால் வரும் நஷ்டத்தைவிடக் குறைவு.

தாமதத்தையும் சொல்லியாக வேண்டும். ஆறு விநாடித் துண்டுகளாக வீடியோவை வெட்டி, மூன்று துண்டு சேர்ந்த பிறகே பிளேயர் ஓடத் தொடங்கும் என்று வைத்தால், அதிலேயே 18 விநாடி போய்விடும். என்கோடிங், விநியோகம் எல்லாம் சேர்ந்தால் அரை நிமிடம். பக்கத்து வீட்டில் கேபிள் வைத்திருப்பவர் ‘விழுந்துட்டான்!’ என்று கத்துகிறார். உங்கள் திரையில் அந்த வீரர் இன்னும் ஜாப் (நேர்க் குத்து) போட்டுக்கொண்டிருக்கிறார். கால்பந்தில் கோலைப் பிறகு பார்த்தாலும் ரசிக்கலாம். நாக்-அவுட் அப்படியல்ல. துண்டை இரண்டு விநாடியாக்குங்கள். விநாடிக்கு 60 ஃபிரேமுக்குக் குறையாமல் கொடுங்கள். 30 ஃபிரேமில் குட்டையான ஹூக் (வளைந்து வரும் பக்கவாட்டுக் குத்து) ஒன்று கண்ணில் சரியாகப் படாமல் போகலாம், தலை திரும்பியதுதான் தெளிவாகத் தெரியும்.

மெயின் ஈவென்ட் எத்தனை மணிக்கு? நிகழ்ச்சி தொடங்கும் நேரத்தைத் தவிர உறுதியாக எதையும் நீங்கள் சொல்வதில்லை. கோடைக்காலத்தில் நியூயார்க்கில் சனி இரவு 11 மணி என்றால் லண்டனில் ஞாயிறு அதிகாலை 4, சென்னையில் காலை 8.30. லண்டன்காரர் அலாரம் வைக்க வேண்டும். 12 சுற்றும் போனால் ஒரு சண்டைக்கு 47 நிமிடம். முதல் சுற்றிலேயே முடிந்தால் மூன்று நிமிடம்கூட இல்லை. இந்த இழுபறியால் சரியான நேரத்தைச் சொல்ல முடியாது என்பது உண்மைதான். ஆனால் டென்னிஸில் சொல்வதுபோல ‘இந்த நேரத்துக்கு முன் தொடங்காது’ என்று சொல்லலாமே. சீக்கிரம் முடிந்த இரவுகளில் இடைவெளியை நிரப்ப நான்கு சுற்று ஸ்விங் பவுட் ஒன்றைத் தயாராக வைத்திருப்பது உங்கள் தொழிலில் பழைய பழக்கம். 15 நிமிடம். அதை விட்டுவிட்டு வர்ணனையாளர்களை அரை மணி நேரம் பேசவைக்கிறீர்கள்.

பணத்தைத் திருப்பித் தருவதிலும் கோடு தெளிவாக இருக்கட்டும். பக்கியாவ் தோள் காயத்தை மறைத்தார் என்று ரசிகர்கள் போட்ட வழக்குகளை அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2019-இல் ஏற்கவில்லை. வாங்கிய சண்டை நடந்தது, பார்த்தீர்கள் என்பதே அதன் சாரம். அந்தத் தீர்ப்பில் எங்களுக்கு வருத்தமில்லை. சண்டை சப்பென்று போவது விளையாட்டின் பகுதி. படம் வராதது அப்படியல்ல. மெயின் ஈவென்டில் ஒரு சுற்று முழுதாகத் தவறியிருந்தால், அது உங்கள் சர்வர் பதிவிலேயே இருக்கும். வாடிக்கையாளர் படிவம் நிரப்பாமலே, ஏழு நாளுக்குள் பணம் அதே கார்டுக்குத் திரும்ப வேண்டும்.

தனிக் கட்டணத்தை எங்கே வைத்துக்கொள்ளலாம் என்றால், வருடத்துக்கு நான்கு சண்டைக்கு மேல் வேண்டாம். எல்லாப் பட்டங்களையும் ஒன்றிணைக்கும் சண்டை, அல்லது எடைப்பிரிவின் முதலிரண்டு இடத்தில் இருப்பவர்கள் மோதுவது. சந்தா கட்டுகிறவருக்கு அந்த மாதச் சந்தாவை விலையில் கழியுங்கள். விற்பனை எண்ணிக்கையை 30 நாளுக்குள், தணிக்கைக் கையெழுத்தோடு, இரு வீரர்களுக்கும் எழுத்தில் கொடுங்கள்.

அடுத்த ஒளிபரப்பு ஒப்பந்தங்களை எழுதும்போது இவற்றில் இரண்டையாவது சேருங்கள்: சண்டைவாரியான வருவாய்ப் பிரிப்பும், கதவு உடைந்தால் திறந்துவைப்பதும். முதலாவதற்கு ஒரு பத்தி போதும். இரண்டாவதற்கு உங்கள் பொறியாளரிடம் ஒரு மணி நேரம் பேசினால் போதும்.

இப்படிக்கு,
குத்துச்சண்டை ஒளிபரப்பைத் தொடர்ந்து கவனித்துவரும் தமிழ் ரசிகர்கள் சிலர்