இரண்டு கையெழுத்தில் ஒரு நோட்டுப் புத்தகம்

மதிப்பிற்குரிய அன்னா மக்தலேனா பாக் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் பெயர் தாங்கிய இரண்டு இசை நோட்டுப் புத்தகங்களும் இன்று பெர்லின் அரசு நூலகத்தில் இருக்கின்றன. உங்கள் கணவர், இசையமைப்பாளர் யோகான் செபாஸ்டியன் பாக், மனைவிக்குத் தந்த காதல் பரிசு என்றே பலரும் அவற்றைப் பற்றி எழுதுகிறார்கள். பரிசுதான், மறுக்கவில்லை. ஆனால் பரிசு என்பது கொடுத்த அன்றைய செய்தி. பிறகு அதில் யார் எழுதினார்கள் என்பதே என்னை இழுக்கிறது.

1721 டிசம்பரில் உங்கள் திருமணம். உங்களுக்கு வயது 20. ஜெர்மனியின் கோத்தன் அரசவையில் சம்பளம் வாங்கும் பாடகி. அவருக்கு 36, முந்தைய ஆண்டு மனைவியை இழந்தவர், நான்கு பிள்ளைகளின் தகப்பன். மறு ஆண்டே முதல் புத்தகம் பிறந்தது. 'பிரெஞ்சு சூட்கள்' என்ற நடன இசைத் தொகுப்புகளில் ஐந்தின் தொடக்க வடிவங்கள் அதில் இருக்கின்றன. அதன் ஏடுகளில் மூன்றில் ஒரு பங்குதான் எங்கள் கைக்கு வந்து சேர்ந்தது.

1725இல் பொன் விளிம்பிட்ட இரண்டாவது புத்தகம். பார்ட்டிடா என்னும் பெரிய நடன இசைத் தொகுப்புகள் இரண்டைத் தம் கையால் எழுதித் தொடங்கிவைத்தார் செபாஸ்டியன். அப்புறம் பெரும்பாலும் உங்கள் எழுத்துதான். லைப்சிக் நகரத் தேவாலயங்களுக்கு ஓயாமல் கான்டாட்டா (வாத்தியங்களோடு பாடும் பாடல் தொகுப்பு) எழுதிக்கொண்டிருந்த மனிதருக்கு நேரம் ஏது என்று நீங்கள் பரிந்து பேசலாம். பேசுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

வீடு தெரிவது அதற்குப் பிறகுதான். மினுயெட் என்னும் நடனத் துண்டுகள், மூத்தாள் மகன் இம்மானுவேல் சிறுவயதில் இயற்றிய மார்ச்சுகள், புகைக்குழாயைப் பார்த்து 'நானும் களிமண்தானே' என்று யோசிக்கும் ஒரு பாட்டு, பேஸ் என்னும் கீழ்ச்சுர வரிக்கு மேலே சுரம் சேர்க்கும் விதிகள். பெட்சோல்ட் என்ற வேறொரு இசையமைப்பாளரின் ஜி மேஜர் மினுயெட்டுக்கு இயற்றியவர் பெயரைப் போடாமல் விட்டீர்கள். 1970கள் வரை உலகம் அதை உங்கள் கணவர் கணக்கில் எழுதி வைத்திருந்தது. வீட்டு நோட்டில் யார்தான் பெயர் போடுவார்கள்?

நான் திரும்பத் திரும்பப் போய் நிற்பது வேறொரு பாட்டில். லைப்சிக் தேவாலய இசையில் பெண்கள் பாட முடியாது. அரசவையில் பாடிய உங்கள் குரலுக்கு அங்கே இடமில்லை. 1727இல் செபாஸ்டியன் பேஸ் என்னும் தாழ்ந்த ஆண் குரலுக்கு ஒரு கான்டாட்டா எழுதினார். சோர்ந்த கண்களை உறங்கச் சொல்லும் தாலாட்டு அதன் நடுவில் வருகிறது; உறக்கம் என்று அது சொல்வது மரணத்தை. அந்தத் தாலாட்டைப் பெண் குரலுக்கேற்ற சுருதிக்கு உயர்த்தி உங்கள் புத்தகத்தில் எழுதிக்கொண்டீர்கள். அந்தக் கான்டாட்டாவுக்கு முந்தைய ஆண்டுதான் உங்கள் முதல் மகள் மூன்று வயதில் இறந்திருந்தாள். இரண்டையும் முடிச்சுப் போட எனக்கு ஆதாரமில்லை. ஆனால் 13 பிள்ளைகளைப் பெற்று 7 பேரைச் சிறுவயதிலேயே பறிகொடுத்த ஒரு தாய் இதை வெறும் குரல் பயிற்சிக்காக எழுதினாள் என்றால் நான் நம்பமாட்டேன்.

பல ஆண்டுகள் கழித்து, காலியாகக் கிடந்த இரண்டு பக்கங்களில் அவருடைய 'கோல்ட்பெர்க் வேரியேஷன்கள்' என்ற படைப்பின் தொடக்க மெட்டான ஆரியாவை எழுதினீர்கள். அதற்குள் உங்கள் எழுத்து அவர் எழுத்தைப் போலவே ஆகிவிட்டிருந்தது. எது யாருடையது என்று பின்னால் வந்த ஆய்வாளர்களே தடுமாறினார்கள். செல்லோ என்னும் வில் வாத்தியத்துக்கு அவர் இயற்றிய சூட்களுக்கு அவர் கையெழுத்துப் பிரதி கிடைக்கவில்லை. நீங்கள் எடுத்த பிரதியை வைத்துத்தான் இன்றும் செல்லோக் கலைஞர்கள் வில்லை எந்தச் சுரத்தில் திருப்புவது என்று சண்டை போடுகிறார்கள்.

இப்படிக்கு,
பியானோ பயிலும் ஒருவன்