இல்லத்தை மூடுமுன் ஏடுகளைத் திறங்கள்

தமிழகத்தில் பணியாற்றும் பெண் துறவற சபைகளின் மாநிலத் தலைவியருக்கும், அவர்களுடைய ஆலோசனைக் குழுச் சகோதரிகளுக்கும்,

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க.

நான் கன்னியர் மடத்து விடுதியில் வளர்ந்தவள். பிறகு இன்னொரு மடத்துப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவள். உங்களில் ஒருத்தி என்று சொல்லிக்கொள்ள முடியாது, அசலூர்க்காரி என்றும் நீங்கள் ஒதுக்கிவிட முடியாது. அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

சகோதரிகள் தங்கிப் பணியாற்றும் சிறிய இல்லங்களை ஒவ்வொன்றாக மூடிவருகிறீர்கள். அதைக் குறை சொல்ல இந்த மடல் இல்லை. அழைத்தல் பெற்றுத் துறவறத்துக்கு வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். புதிதாகச் சேர்ந்தவர்கள் பயிற்சி பெறும் நவதுறவகத்தில் முன்பு பாய் விரிக்க இடம் இருக்காது, இன்று கட்டில்கள் காலியாகக் கிடக்கின்றன. வயதான சகோதரிகளைப் பார்த்துக்கொள்ளவே ஆள் போதவில்லை. பள்ளியை மறைமாவட்டத்திடமோ வேறு சபையிடமோ கொடுத்துவிட்டுக் கிளம்புவது பல இடங்களில் நியாயமான முடிவுதான். கிளம்புகிற வாரத்தில் அலமாரிக்கு என்ன ஆகிறது என்பதுதான் என் கேள்வி.

ஓர் இல்லத்தைக் காலி செய்தபோது நான் உதவிக்குப் போயிருந்தேன். எந்த இல்லம், எந்தச் சபை என்பது இங்கே வேண்டாம். நற்கருணைப் பேழையையும் திருப்பலி உடைகளையும் துணியில் சுற்றிப் பத்திரமாக எடுத்து வைத்தார்கள். சுரூபங்கள் எந்தப் பங்குக்குப் போகவேண்டும் என்று பட்டியல் போட்டிருந்தார்கள். ஃப்ரிட்ஜுக்கும் தையல் மெஷினுக்கும்கூடச் சீட்டு ஒட்டியிருந்தது. காகிதங்களுக்கு மட்டும் சீட்டு இல்லை. பழைய ரசீதுகள், விடுதிப் பதிவேடுகள், தடித்த அட்டை போட்ட நோட்டுகள் எல்லாம் சேர்ந்து பழைய பேப்பர்காரரின் தராசில் ஏறின. அந்த நோட்டுகளில் சில, இல்லத்தின் நாட்குறிப்பு ஏடுகள்.

இல்ல நாட்குறிப்பு என்றால் உங்களுக்குத் தெரியும், வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். பல சபைகளில் ஒவ்வொரு இல்லத்திலும் ஒரு சகோதரி அன்றன்றைய சங்கதியை எழுதிவைப்பது வழக்கம். நான் புரட்டிப் பார்க்க வாய்த்த ஒன்றில் முதல் பக்கங்கள் பிரெஞ்சில் இருந்தன, நடுவில் ஆங்கிலத்துக்கு மாறின, கடைசியில் தமிழும் தலைகாட்டியது. மழை பெய்ததும் கிணறு வற்றியதும் இருந்தன. காலராவுக்குப் பயந்து விடுதியைப் பூட்டியது, ஆண்டுத் தியானம் கொடுக்க வந்த சாமியாருக்குக் காய்ச்சல் கண்டது, யாரோ ஒரு விதவை இரண்டு பிள்ளைகளோடு வாசலில் வந்து நின்றது, அரிசி விலை என எல்லாமே இருந்தன. ஊர் வரலாறு எழுதுகிறவர்கள் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டிய சமாச்சாரம் இது. ஆன்மிக வாழ்வு என்று மேடையில் பேசுகிறோமே, அது நடந்த இடமும் இந்தப் பக்கங்கள்தான். அதிகாலை தியானத்தில் மண்டியிட்ட ஒருத்தி, பகலில் அரிசி விலைக்கு என்ன செய்தாள் என்று வேறு எந்தப் புத்தகமும் சொல்லாது.

இது எவ்வளவு பெரிய சொத்து என்று புரியவேண்டுமானால் ஊட்டியைப் பாருங்கள்.

பிரான்சின் நாந்த் நகரில் 1839-ல் பிறந்த எலேன் தெ ஷப்போத்தேன், பரிகார மரியன்னை சபையில் சேர்ந்து திருப்பாடுகளின் மரியா என்று பெயர் பெற்றார். 1865-ல், நவதுறவியாக இருக்கும்போதே, இயேசு சபையார் பொறுப்பில் இருந்த மதுரை மறைத்தளத்துக்கு, அதாவது மறைபரப்புப் பகுதிக்கு, அனுப்பப்பட்டார். மூன்றே ஆண்டுகளுக்குள், 1867-ல், முப்பது வயதுகூட ஆகாத அவர் இங்கிருந்த இல்லங்களுக்கு மாநிலத் தலைவியாகிவிட்டார். பிறகு மறைத்தளத்துக்குள் பிணக்குகள் முற்றின. 1876-ல் அவரும் மற்றவர்களுமாக இருபது பேர் அந்தச் சபையைவிட்டு விலகி ஊட்டியில் கூடினார்கள். ஒரு சபையைவிட்டு விலகிய துறவிகள், மலைமேல் குளிரில், அடுத்து என்ன என்று தெரியாமல் இருந்த நாட்கள் அவை. அவர் ரோமுக்குப் போனார். 1877 ஜனவரி 6 அன்று திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதர் புதிய சபைக்கு அனுமதி தந்தார். மரியாவின் பிரான்சிஸ்கன் மறைபரப்புச் சபை என்றும், எஃப்.எம்.எம். என்றும் இன்று உலகம் அறிகிற சபையின் தொடக்கம் இதுதான். 1904-ல் அவர் இறந்தபோது இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சகோதரிகளும் 86 இல்லங்களும் இருந்தன. 1900-ல் சீனாவின் தையுவானில் கொல்லப்பட்டு, நூறாண்டு கழித்துப் புனிதர்களாக அறிவிக்கப்பட்ட ஏழு சகோதரிகள் இந்தச் சபையினர். நாடு விடுதலை பெற்ற அதே 1947 ஆகஸ்ட் 15 அன்று சென்னையில் ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியைத் தொடங்கியதும் இவர்கள்தான்.

பல கண்டங்களில் பரவிய ஒரு சபை நீலகிரியில் பிறந்திருக்கிறது. வீட்டுக்கு ஒரு மாதா படம் வைத்திருக்கிற நம் கத்தோலிக்கக் குடும்பங்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? அந்தச் சபையின் பள்ளிகளில் படித்த பிள்ளைகளைக் கேட்டாலும், மதர் ஃபவுண்ட்ரஸ் படம் ஆபீஸ் ரூமில் இருக்கிறது என்பதோடு பல பேர் நிறுத்திக்கொள்வார்கள்.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி ஒன்று உண்டு. எலேன் விட்டுப் பிரிந்த சபையின் நிறுவுநர் எமிலி துல்ட்ரமோன், பெல்ஜியத்துப் பிரபுக் குடும்பத்துப் பெண். விதவை, நான்கு பிள்ளைகளின் தாய். பிரிந்தது எவ்வளவு வலியோடு நடந்திருக்கும் என்று ஊகிக்கலாம். திருச்சபை 1997-ல் எமிலியையும் 2002-ல் எலேனையும் புனிதர் நிலைக்கு முந்தைய படியான முத்திப்பேறு பெற்றவர்களாக உயர்த்தியது. இருவரையும் உயர்த்தியவர் ஒரே திருத்தந்தை, இரண்டாம் யோவான் பவுல். மனம் கசந்து பிரிந்த இரண்டு பெண்களுமே பீடத்தில் இருக்கிறார்கள். ஆகவே நம் சபைகளின் பழைய சண்டைகளை மூடி மறைக்கவேண்டிய அவசியமே இல்லை. காகிதத்தில் சண்டை இருக்கிறதே என்று பயந்து கிழித்துப் போடுகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

சரி, இதுவரை சொன்னது ஐரோப்பிய அன்னையரின் கதை. அவர்கள் வாழ்க்கையாவது பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் எழுதப்பட்டிருக்கிறது. பரிகார மரியன்னை சபையாரை மதுரைப் பக்கம் வரவழைத்ததே, இங்கே ஏற்கெனவே உருவாகியிருந்த உள்ளூர்ப் பெண்களின் துறவறக் குழுவுக்குப் பயிற்சி கொடுக்கத்தான். அப்படியானால் எலேன் வந்து இறங்கியபோது அவரை எதிர்கொண்டவர்கள் தமிழ்ப் பெண்கள். அவருக்கு முதலில் தமிழ் வார்த்தைகள் சொல்லிக்கொடுத்தவர்களும், எந்தத் தெருவில் எந்த வீட்டுக்குப் போகலாம் என்று காட்டியவர்களும் அவர்களாகத்தான் இருக்கவேண்டும். அவர்கள் பேர் என்ன? யார் வீட்டுப் பெண்கள்? கல்யாணம் வேண்டாம் என்று சொன்னபோது அப்பா என்ன சொன்னார்?

புதுச்சேரியிலும் இதே கேள்விதான். 1844-ல் பாரிஸ் வேதபோதக சபைக் குரு துய்புய், மரியாவின் மாசற்ற இருதயச் சகோதரிகள் சபையைத் தொடங்கிப் பெண்பிள்ளைகளுக்குக் கல்வி கொடுக்க வழி செய்தார். அவர் முஸே அடிகளோடு சேர்ந்து உருவாக்கிய தமிழ் - பிரெஞ்சு அகராதியைத் தமிழறிஞர்கள் இன்றும் எடுத்துப் புரட்டுகிறார்கள். பெண்பிள்ளைக்குப் படிப்பு எதற்கு என்று ஊரே கேட்ட நாளில், அந்தப் பள்ளியில் போய் உட்கார்ந்து அ, ஆ எழுதவைத்தவர்கள் துய்புய் சாமி அல்ல, அந்தச் சகோதரிகள். சபைகளின் விழா மலர்களில் நிறுவுநர் சாமிக்கு ஒரு முழுப் பக்கம் இருக்கும். முதல் சகோதரிகளுக்கு ஒரு வரி, அதுவும் சில நேரம் "மற்றும் சிலர்".

இதிலும் கீழே இன்னொரு அடுக்கு உண்டு. பழைய காலத்தில் பல சபைகளில் சகோதரிகளே இரண்டு வகை. படித்தவர்கள் பாடகர் குழுவிலும் பள்ளியிலும், படிக்காதவர்கள் சமையற்கட்டிலும் துணி துவைக்கிற கல்லிலும் இருந்தார்கள். பெண் துறவிகளிடையே ஒரே வகைதான் இருக்கவேண்டும் என்று, உலகத்து ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-ல் கேட்டுக்கொண்ட பிறகுதான் இது மாறியது. நான் விடுதியில் இருந்தபோது திருப்பலிக்கான அப்பம் சுடுகிற சகோதரி ஒருவர் இருந்தார். கோதுமை மாவைத் தண்ணீர்ப் பதத்தில் கரைத்து, நீளக் கைப்பிடி வைத்த இரும்பு அச்சில் ஊற்றி, அடுப்பில் திருப்பித் திருப்பிக் காட்டுவார். தகடு போல வரும் அப்பத்தை வட்டமாக வெட்டி எடுத்ததும் மிச்ச விளிம்புகளை எங்கள் கையில் போடுவார். நாங்கள் அதற்காகவே அந்த ஜன்னலைச் சுற்றிக்கொண்டிருப்போம். மாவு ஊற்றும்போது அவர் வாய் ஓயாது, "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே" என்று பழைய செபத்தைத்தான் சொல்லிக்கொண்டிருக்கும். புது மொழிபெயர்ப்புக்கு மாறச் சொல்லி மதர் கண்டித்தும் மாறவில்லை. சுற்றுவட்டாரப் பங்குகளின் நற்கருணைக்கெல்லாம் அவர் கைதான் மாவு கரைத்தது. அவர் எந்த மேடையிலும் ஏறியதில்லை, எந்த மலரிலும் படம் வந்ததில்லை. அந்தச் சபைக்கே உரிய ஆன்மிகக் கொடையை, தனிவரத்தை, யாரிடம் கண்டாய் என்று என்னைக் கேட்டால் நான் அவரைத்தான் காட்டுவேன், பள்ளித் தாளாளரை அல்ல.

சாதியையும் சேர்த்தே சொல்லவேண்டும். திருநெல்வேலிப் பக்கத்து வடக்கன்குளம் மாதா கோயிலில் சாதிக்கு ஒரு பக்கமாகப் பிரித்த சுவர் 1910-ல்தான் இடிந்தது. அந்தக் காலத்து மடங்கள் மட்டும் வேறு உலகத்தில் இருந்திருக்குமா? யாரை எடுத்தார்கள், யாரைத் திருப்பி அனுப்பினார்கள், யாருக்கு எந்த வேலை கொடுத்தார்கள் என்பதெல்லாம் பதிவேடுகளில் இருக்கும். அதைப் படிக்க நெஞ்சுரம் வேண்டும். இன்று தலித் பெண்கள் தலைமைப் பொறுப்புக்கு வருகிற சபைகளுக்கு, எந்த வழியில் இங்கு வந்து சேர்ந்தோம் என்று தெரிந்திருப்பது நல்லது.

நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள் என்று எனக்கு ஓரளவு தெரியும். மறைந்து வாழத்தானே வந்தோம், பேர் எதற்கு, ஆண்டவருக்குத் தெரிந்தால் போதாதா என்பீர்கள். ஒரு சகோதரி தன்னைப் பற்றி அப்படிச் சொல்வது அழகு. சபை அவளைப் பற்றி அப்படிச் சொன்னால் அது சோம்பேறித்தனம். உங்கள் செபத்திலேயே அதற்குச் சாட்சி இருக்கிறது. அந்தந்தத் தேதியில் இறந்த சகோதரிகளின் பெயர்களை இன்றும் பல இல்லங்களில் மாலையில் வாசிக்கிறீர்கள். நூறு வருஷத்துக்கு முன் செத்துப்போன, யாரும் கண்டிராத ஒருத்தியின் பெயர், இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு தடவை ஒலிக்கிறது. இப்படி ஒரு வழக்கத்தை வைத்துக்கொண்டு பேர் எதற்கு என்று கேட்கக்கூடாது. வத்திக்கான் சங்கத்தின் அதே 1965 ஆவணம், நிறுவுநரின் மனதுக்கும் சபையின் நல்ல மரபுகளுக்கும் திரும்பிப் போகச் சொன்னது. திருச்சபைச் சட்டத்தின் 578-ஆம் எண் இவற்றைச் சபையின் மரபுச்செல்வம் என்று சொல்லி, எல்லாரும் பிரமாணிக்கமாகக் காக்கவேண்டும் என்கிறது. அலமாரி காலியானால் எங்கே திரும்பிப் போவது?

அந்தரங்கம் என்பது நியாயமான கவலை. ஆன்ம ஆலோசனைக் கடிதங்கள், நோய்க் குறிப்புகள், ஒருத்தி ஏன் சபையைவிட்டுப் போனாள் என்பது போன்றவற்றைப் பூட்டியே வையுங்கள். பல ஆண்டுகள் கழியட்டும், நீங்களே தவணை வைத்துக்கொள்ளுங்கள். பூட்டிவைப்பது வேறு, எடைக்குப் போடுவது வேறு.

நான் கேட்பது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. அருங்காட்சியகம் கட்டுங்கள் என்று சொல்லவில்லை, அதற்கு ஒரு திறப்பு விழா, ஆயர் வருகை, கல்வெட்டு என்று பணம்தான் கரையும். ஓர் இல்லத்தை மூடுவது என்று ஆலோசனைக் குழு முடிவெடுக்கிற அன்றைக்கே, ஏடுகளுக்கு யார் பொறுப்பு என்று ஒரு சகோதரியின் பெயரையும் தீர்மானத்தில் எழுதிவிடுங்கள். அவர் பட்டியல் போட்டுக் கையெழுத்திட்டு மாநிலத் தலைமை இல்லத்தில் ஒப்படைக்காமல் சாவி கைமாறக்கூடாது. கல்லறைகளையும் மறந்துவிடாதீர்கள். தோட்டத்து மூலையில் சிலுவை நட்டுப் புதைத்த சகோதரிகள், இடம் கைமாறினால் அடுத்தவர் கட்டடத்துக்குக் கீழே போய்விடுவார்கள். பெயரும் தேதியும் அழியுமுன் போட்டோவாவது எடுத்துவிடலாம்.

எல்லாவற்றையும்விட அவசரமானது முதியோர் இல்லத்தில் இருக்கும் உங்கள் சகோதரிகளின் வாய்ச்சொல். ஏடு இன்னும் கொஞ்ச காலம் தாங்கும், ஞாபகம் தாங்காது. இளம் சகோதரி ஒருத்தி கையில் போனோடு பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். அழைத்தல் எப்படி வந்தது என்று கேட்டால் எல்லாரும் தியானப் பிரசங்கத்தில் கேட்டதையே ஒப்பிப்பார்கள். நவதுறவகத்தில் என்ன சாப்பிட்டீர்கள், முதல் இல்லத்துக்கு எந்த பஸ்ஸில் போனீர்கள், யாரைக் கண்டால் பயம், எப்போது வீட்டுக்கு ஓடிவிடலாம் என்று தோன்றியது என்று கேட்கச் சொல்லுங்கள். அவர்கள் ஊர்த் தமிழிலேயே பேசட்டும், தூத்துக்குடிப் பேச்சும் கொங்குப் பேச்சும் அப்படியே பதிவாகட்டும். கேட்கிற இளம் சகோதரிக்கும் அது எந்தத் துறவறப் பயிற்சி வகுப்பைவிடவும் நன்றாக வேலை செய்யும்.

அப்புறம், இதைச் சபை சபையாகத் தனித்தனியே செய்யாதீர்கள். ஊட்டிக் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். பரிகார மரியன்னை சபையின் காகிதம் இல்லாமல் எஃப்.எம்.எம். கதை முடியாது, உள்ளூர்ச் சபையின் பதிவேடு இல்லாமல் இரண்டுமே நிறையாது. இயேசு சபையாரிடமும் மறைமாவட்டங்களிடமும் கேட்கவேண்டியது வேறு உண்டு. மாநிலத் தலைவியர் எல்லாரும் கூடுகிற கூட்டத்தில் ஒரு மணி நேரம் இதற்கு ஒதுக்கினால், யாரிடம் எது இருக்கிறது என்பதாவது தெரிந்துவிடும்.

உழைப்புக்கு ஆள் இல்லை என்றால் எங்களைக் கூப்பிடுங்கள். உங்களிடம் படித்தவர்களில் பிரெஞ்சு தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், பழைய கையெழுத்து வாசிக்கத் தெரிந்த ஆசிரியைகள் இருக்கிறார்கள், ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றத் தெரிந்த பிள்ளைகள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். சனிக்கிழமைகளில் வந்து உட்கார்ந்து, உங்கள் சகோதரி ஒருவர் கண்முன்னாலேயே செய்துவிட்டுப் போவோம். சம்பளம் வேண்டாம், மதியச் சாப்பாடு போட்டால் போதும்.

கோடை விடுமுறையில் மாற்றல் கடிதங்கள் கைக்கு வந்துவிடும், பெட்டி கட்டுகிற அவசரத்தில் யாருக்கும் எதுவும் நினைவிருக்காது. அதற்கு முன்பே, இந்த ஆண்டு மூடப்போகிற இல்லங்கள் எவை, அவற்றில் முதலில் எங்கே வரலாம் என்று ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
மடத்து விடுதியின் பழைய மாணவி ஒருத்தி