ஆவுளியாவைப் பார்க்க வருகிறாயாமே

அன்பு மாப்ளே,

கடிதம் கிடைத்தது. முட்டி வலி குறைந்ததில் மகிழ்ச்சி. இங்கே எல்லோரும் நலம். கஜா புயலுக்குப் பிறகு வைத்த தென்னை காய்ப்புக்கு வந்துவிட்டது, இளநீருக்குக் குறைவில்லை.

மே லீவில் பேத்தியைக் கூட்டி வந்து கடற்பசுவை, அதுதான் நம் ஆவுளியாவை, காட்டப் போவதாக எழுதியிருக்கிறாய். தாராளமாக வா. ஆனால் பிள்ளைக்கு வாக்குக் கொடுத்து வைக்காதே. மல்லிப்பட்டினத்தில் ஆயுசு முழுக்கக் கடலுக்குப் போனவர்களிலேயே ஆவுளியாவை உயிரோடு பார்த்தவர்கள் கொஞ்சம்தான். சில நிமிடத்துக்கு ஒரு தடவை மூச்சு வாங்க மூக்கை நீட்டும், உடனே உள்ளே போய்விடும். 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலோரத்தில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகம் என்று அரசு அறிவித்தது அல்லவா, அதைப் படித்துவிட்டு நிறையப் பேர் வண்டலூர் மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள். இங்கே வேலியும் இல்லை, டிக்கெட்டும் இல்லை.

என்னைக் கேட்டால், பேத்திக்குக் காட்ட வேண்டியது கடற்புல்லை. கரையில் ஒதுங்கிக் கிடக்கும் பச்சை இலைகளைப் பாசி என்று மிதித்துக்கொண்டு போவோமே, அது பாசியே இல்லை. தரையில் வேர்விட்டு, தண்ணீருக்குள்ளேயே பூத்துக் காய்க்கிற செடி. ஒரு ஆவுளியா நாளைக்கு 30, 40 கிலோ மேயும். இறால் குஞ்சுக்கும் நண்டுக்கும் ஒளிந்து வளர இடமும் அதுதான். வெயில் அடிவரை இறங்கினால்தான் இந்தப் புல் பிழைக்கும். பாக் விரிகுடாவில் ஆழம் குறைவு, அதனால் செழித்தது. அதே தரையில், விசைப்படகு அடியோடு இழுத்துப் போகும் வலையான இழுவைமடி ஓடினால் புல் பெயர்ந்து வரும், கலங்கிய சேறு மிச்சப் புல்லுக்கும் வெளிச்சத்தை மறைக்கும். ஆவுளியாவுக்காக உருகுகிறவர்கள் இந்தப் புல்லைப் பற்றிப் பேசுவதில்லை என்பதுதான் எனக்கு ஆதங்கம்.

இன்னொரு பக்கம், வலை. அதில் சிக்கினால் மேலே வந்து மூச்சுவிட முடியாமல் செத்துப்போகும். பெட்டை மூன்று முதல் ஏழு வருடத்துக்கு ஒருமுறை, அதுவும் ஒரே ஒரு குட்டிதான் போடும் என்றால், ஒன்று போனால் எவ்வளவு நட்டம் என்று பார். ஒரு காலத்தில் கறிக்கே பிடித்தார்கள். பழைய ஆட்கள் அந்த ருசியைப் பற்றி இப்போது வாய் திறக்க மாட்டார்கள், சட்டம் அப்படி! இன்றைக்கு வலையை அறுத்து ஆவுளியாவைக் கடலில் விடுகிற மீனவர்கள் இருக்கிறார்கள். வனத்துறையும் அவர்களைப் பாராட்டிப் பணம் கொடுத்திருக்கிறது. நல்லதுதான். ஆனாலும் மேடையேற்றிச் சால்வை போர்த்துவதைவிட, அறுந்த வலைக்கான காசு அடுத்த நடை கடலுக்குப் போவதற்குள் கைக்கு வர வேண்டும் என்பது என் கட்சி. வலை இல்லாத வீட்டில் அடுப்பு எப்படி எரியும்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். நீ வரும்போது அவை கரையில்தான் நிற்கும், நாட்டுப்படகுகள் மட்டும் போய்வரும். காலையில் அவை கரைக்கு வருகிற நேரமாகப் பார்த்துப் பேத்தியைக் கூட்டிப் போவோம். வலையில் என்னென்ன வந்திருக்கிறது என்று அவளே கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும், நாம் இருவரும் வாயை மூடிக்கொண்டு நிற்போம். அப்புறம் மனோரா கோட்டைக்குப் போகலாம். பட்டுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் இறங்கு, நான் வந்து நிற்கிறேன். தேதியை மட்டும் முன்கூட்டியே போனில் சொல்லிவிடு.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்