எது முதலில் வருகிறதோ அது

அன்பு மகளுக்கு,

நேற்று போனை வைப்பதற்கு முன் நீ சொன்னது இரவு முழுக்கக் காதிலேயே இருந்தது. "விடும்மா, வேலையோ அட்மிஷனோ, எது முதல்ல வருதோ அதை எடுத்துக்கறேன்." களைத்துப்போன குரல். அந்தக் களைப்பு புரிந்ததால்தான் அப்போது ஒன்றும் பேசாமல் வைத்துவிட்டேன். போனில் சொன்னால் பாதியில் உனக்குக் கோபம் வரும், எனக்கு அழுகை வரும். அதனால் எழுதுகிறேன். மெதுவாகப் படி.

முதலில், இந்த இரண்டும் ஒரே வேகத்தில் நடப்பதில்லை. பல நாடுகளில் ஆகஸ்ட், செப்டம்பரில் தொடங்கும் முதுநிலைப் படிப்புக்கு முந்தைய டிசம்பர், ஜனவரியிலேயே விண்ணப்பம் முடிந்துவிடுகிறது. பதில் வர பிப்ரவரி, மார்ச் ஆகும், சில இடங்களில் ஏப்ரலும் ஆகிவிடும். வேலை அப்படியா? இன்டர்வியூ முடிந்து பத்து நாளில் ஆஃபர் லெட்டர் அனுப்பி, மூன்று நாளில் பதில் சொல்லு என்பார்கள். ஆக, 'முதலில் வருவது' என்று நீ வைத்துக்கொண்ட விதிப்படி, வேலை கிடைத்தால் அநேகமாக அதுதான் முந்தும். நீ எடைபோட்டுப் பார்த்து வேலைக்குப் போனதாக ஆகாது, நாள்காட்டி உன்னை அனுப்பி வைத்ததாக ஆகும். வேலை எதுவும் வராவிட்டால், வேறு வழியில்லாமல் படிக்கப் போனதாக ஆகும். எனக்கு இரண்டாவதுதான் பெரிய கவலை. ஏனென்றால் நான் அப்படித்தான் போனேன்.

இதை உன்னிடம் முழுதாகச் சொன்னதில்லை. அம்மா பொருளாதாரத்தில் எம்.ஏ. என்று சின்ன வயதில் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வாய். பொருளாதாரத்தின் மேல் ஆசைப்பட்டு நான் அதில் சேரவில்லை. பட்டம் வாங்கிய வருடம் நாற்பதுக்கும் மேற்பட்ட இடங்களுக்கு விண்ணப்பம் போட்டேன். மூன்று இடத்திலிருந்து 'வருந்துகிறோம்' என்று வந்தது. மற்றவர்கள் வருந்தக்கூட இல்லை. ஒவ்வொரு நாளும் காலையில் எழுந்ததும், இன்றைக்கு யாராவது 'என்ன பண்றே இப்போ?' என்று கேட்டுவிடுவார்களோ என்ற பயம்தான் முதலில் வரும். கல்லூரியில் இடம் கிடைத்த அன்று எனக்குப் பெரிய நிம்மதி. இனி இரண்டு வருடத்துக்கு அந்தக் கேள்விக்கு ஒரு பதில் இருக்கிறது அல்லவா? இரண்டு வருடம் ஓடியது. அதே வரிசையின் கடைசியில் மறுபடி போய் நின்றேன். எனக்கு என்ன வேலை பிடிக்கும் என்ற கேள்வி, நான் விட்டுவிட்டுப் போன இடத்திலேயே இருந்தது. கூடவே கடனும் இருந்தது.

படித்தது வீண் என்று சொல்லமாட்டேன். ஆனால் பதிலே வராத அந்த மௌனத்திலிருந்து ஓடிப்போகப் படித்தேன், அதற்கு விலை கொடுத்தேன். நீ அந்த விலையைக் கொடுக்க வேண்டாம் என்று எனக்கு ஆசை.

அந்த மௌனத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பல வருடம் கழித்து ஆபீஸில் ஆள் எடுக்கும் மேசையின் மறுபக்கம் நானே உட்கார்ந்தேன். ஒரு இடத்துக்கு விளம்பரம் கொடுப்போம், அடுத்த வாரமே செலவைக் குறைக்கச் சொல்லி அந்த இடத்தை நிறுத்தி வைப்பார்கள். வந்து குவிந்த விண்ணப்பங்கள் அப்படியே கிடக்கும். சில முறை உள்ளேயே ஒருவரை முடிவு செய்துவிட்டு, விதிக்காக விளம்பரம் செய்வார்கள். சில முறை முதலில் வந்த ஐம்பது விண்ணப்பத்திலேயே போதுமான ஆள் கிடைத்துவிடுவார்கள், ஐம்பத்தொன்றாவதை யாரும் திறக்கமாட்டார்கள். நீ போட்ட இருபத்தாறு விண்ணப்பத்தில் இருபத்திரண்டுக்குப் பதில் இல்லை என்றாய். அந்த இருபத்திரண்டு பேரும் உன்னைப் பார்த்து 'வேண்டாம்' என்று சொன்னதாக நீ எண்ணிக்கொண்டிருக்கிறாய். அதில் பாதிப் பேர் உன்னைப் பார்த்திருக்கவே மாட்டார்கள், பாப்பா. விண்ணப்பத்தில் சரிசெய்ய வேண்டியது இருக்கும், சரிசெய்வோம். ஆனால் 'எனக்குத் தகுதி போதவில்லை, அதனால் இன்னொரு பட்டம் வேண்டும்' என்ற முடிவை இந்த மௌனத்திலிருந்து எடுக்காதே.

சரி, அப்படியானால் இன்னொரு பட்டம் எதற்கு? எனக்கு எம்.ஏ.வில் உண்மையாகப் பிடித்துப்போன பாடம் ஒன்று உண்டு, அது இன்றைக்கு உனக்கு உதவும். படிப்பு மனிதருக்குள் திறமையைச் சேர்க்கிறது, அதனால் சம்பளம் கூடுகிறது, அது ஒரு முதலீடு என்பது பொருளாதார அறிஞர் கேரி பெக்கர் விரிவாக வளர்த்த கருத்து. இன்னொரு பொருளாதார அறிஞர் மைக்கேல் ஸ்பென்ஸ் 1973-இல் வேறொரு பக்கத்தைக் காட்டினார். வேலை கொடுப்பவருக்கு உன் திறமை கண்ணுக்குத் தெரியாது. எளிதில் எல்லோராலும் வாங்க முடியாத ஒரு பட்டம் உன்னிடம் இருந்தால், அதை ஓர் அடையாளமாக எடுத்துக்கொள்வார். அந்தப் படிப்பு புதிதாக எதையுமே கற்றுத் தராவிட்டாலும் அடையாளத்துக்கு மதிப்பு இருக்கும். பெக்கருக்கு 1992-இல் பொருளாதார நோபல் கிடைத்தது. ஸ்பென்ஸுக்கு 2001-இல், வேறு இருவரோடு சேர்த்து. இரண்டும் சரிதான் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஒவ்வொரு பட்டத்திலும் இரண்டும் கலந்தே இருக்கும். நீ விண்ணப்பிக்கிற படிப்பில் எது எவ்வளவு என்று நீதான் பார்க்க வேண்டும். அடையாளம் மட்டுமே வேண்டுமென்றால் இரண்டு வருட நல்ல வேலை அனுபவமும் ஓர் அடையாளம்தான், அதுவும் சம்பளத்தோடு. உள்ளே இருக்கிற பாடம் வேண்டுமென்றால் கதை வேறு.

உன் விஷயத்தில் பாடம் வேண்டும் என்றே எனக்குப் படுகிறது. ஏன் என்று சொல்கிறேன். எட்டாம் வகுப்பில் நீ அந்தப் பாலத்தின் வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தது நினைவிருக்கிறதா? அமெரிக்காவின் டகோமா நேரோஸ் பாலம். 1940 ஜூலையில் திறந்து, நவம்பர் 7 அன்று மணிக்கு ஏறத்தாழ 64 கிலோமீட்டர் காற்றில் துணி மாதிரி முறுக்கிக்கொண்டு விழுந்தது. "புயல்கூட இல்லையேம்மா, எப்படி விழுந்துச்சு?" என்று என்னைக் கேட்டாய். எனக்குத் தெரியவில்லை. நான்கு வருடம் சிவில் இன்ஜினியரிங் முடித்து வந்தபோது நான் உன்னிடம் அதே கேள்வியைத் திருப்பிக் கேட்டேன். நீ கொஞ்சம் யோசித்து, "பாதி தெரியும்மா. மீதி பி.ஜி.லதான் வரும்" என்றாய். அதிர்வு, காற்று, நிலநடுக்கம் என்று அசைகிற சுமைகளைப் பற்றிய பாடங்கள் பெரும்பாலும் முதுநிலையில்தான் ஆழமாக வரும் என்று அப்புறம் விளக்கினாய். உன் முகத்தில் அன்றைக்கு இருந்த பசியை நான் பார்த்தேன். என்னுடைய எம்.ஏ.வுக்கு அது இருந்ததில்லை.

ஆனால் பசி இருக்கிறது என்பதற்காக உடனே படிக்கப் போக வேண்டும் என்றும் இல்லை. பாலத்தைக் கட்டுவதா, பாலத்தைக் கணக்குப் போடுவதா? சைட்டில் நின்று வேலை வாங்குவதுதான் உனக்குப் பிடிக்கும் என்றால் மேல்படிப்பு அவசரமில்லை, அந்தத் தொழிலைச் சைட்தான் கற்றுத்தரும். டிசைன் ஆபீஸ்தான் என்றால் பல இடங்களில் ஸ்ட்ரக்சரல், அதாவது கட்டமைப்புப் பொறியியல் முதுநிலையை எதிர்பார்க்கிறார்கள். இதை என் வாயால் கேட்டு நம்பாதே. ஐந்து வருடம் கழித்து நீ உட்கார விரும்புகிற நாற்காலிக்கான விளம்பரங்கள் இருபதை எடுத்துவை. எத்தனையில் முதுநிலை கட்டாயம், எத்தனையில் 'இருந்தால் நல்லது', எத்தனையில் அனுபவம் மட்டும் போதும் என்று எண்ணிப்பார். உன் சீனியர்களில் முதுநிலை படித்துவிட்டு வேலைக்குப் போன ஒருவரையும், வேலைக்குப் போய்விட்டுப் படித்த ஒருவரையும் கேள். இன்னொன்று, பல நாடுகளில் பொறியாளராகக் கையெழுத்துப் போடும் உரிமத்துக்குச் சில வருட அனுபவமும் கேட்கிறார்கள். பட்டம் மட்டும் அங்கே போதாது.

வேலையில் இருந்தால் கற்றுக்கொள்ள முடியாது என்றும் நினைக்காதே. லண்டன் மில்லேனியம் நடைபாலம் 2000 ஜூன் 10 அன்று திறந்ததும் பக்கவாட்டில் ஆடத் தொடங்கி, இரண்டே நாளில் மூடப்பட்டது. நடப்பவர்கள் தங்களை அறியாமலே ஆட்டத்துக்கு ஏற்ப அடிவைக்க, ஆட்டம் இன்னும் கூடியது என்று கண்டுபிடித்து, அதிர்வுத் தணிப்பான்கள் பொருத்தி 2002-இல் மறுபடி திறந்தவர்கள் அதை வடிவமைத்த ஆபீஸ் பொறியாளர்கள்தான். பல்கலைக்கழகச் சோதனைக்கூடங்களில் ஆட்களை நடக்கவிட்டுப் பார்த்தும் சோதித்தார்கள். அப்படிப்பட்ட ஒரு மேசைக்குப் பக்கத்தில் உனக்கு நாற்காலி கிடைத்தால் இரண்டு வருடம் அங்கே உட்கார்ந்துவிட்டு, என்ன தெரியவில்லை என்று தெரிந்துகொண்டு படிக்கப் போகலாம். என் மனம் அந்தப் பக்கம்தான் சாய்கிறது, மறைக்கவில்லை. ஆனால் கைக்கு வருவது உன் துறைக்குச் சம்பந்தமே இல்லாத வேலையாக இருந்து, நீ விரும்பிய பாடம் உதவித்தொகையோடு கிடைத்தால், தயங்காமல் படி.

இனி பணம். நம் வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசாத விஷயம், அதனால் நானே பேசுகிறேன். படிப்புக் கடன் நூறு என்று வைத்துக்கொள், வட்டி வருடத்துக்கு 10 சதவீதம். முழுத் தொகையையும் முதலிலேயே வாங்கி, வட்டி வருடாவருடம் அசலோடு சேர்ந்தால், இரண்டு வருடப் படிப்பு முடியும்போது அது 121. வேலை தேட இன்னொரு வருடம் ஆனால் 133. இடையில் வட்டியை மட்டும் கட்டிவந்தால் நூறு நூறாகவே நிற்கும். இதோடு, அந்த இரண்டு வருடம் வாங்கியிருக்கக்கூடிய சம்பளத்தையும் செலவுப் பக்கத்தில் எழுத வேண்டும், எல்லோரும் மறப்பது அதைத்தான். கடன் பெரிதாக இருந்தால் படித்து முடித்ததும் முதலில் கிடைத்த வேலைக்கே ஓட வேண்டியிருக்கும். மறுபடியும் 'எது முதலில் வருகிறதோ அது'தான்.

அப்பா ஓய்வு பெறப்போவதை நினைத்து, சீக்கிரம் சம்பாதிக்க வேண்டும் என்று நீ தம்பியிடம் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அவனைத் திட்டாதே, நான்தான் துருவிக் கேட்டேன். உன் சம்பளத்தை எதிர்பார்த்து நாங்கள் இல்லை. இது ஆறுதலுக்குச் சொல்வதில்லை, அப்பாவும் நானும் உட்கார்ந்து கணக்குப் பார்த்துவிட்டோம். உன் கடனை முழுதாக அடைக்க எங்களால் முடியாது, அதையும் நேராகச் சொல்லிவிடுகிறேன். படிக்கிற காலத்து வட்டியைக் கட்ட முடியும், கட்டுவோம். எங்களை எடைத்தட்டில் வைப்பதாக இருந்தால் இந்த அளவுக்கு வை, இதற்கு மேல் வைக்காதே.

இப்போதே செய்யக்கூடிய சில வேலைகள் இருக்கின்றன. வெளிநாட்டு முதுநிலைச் சேர்க்கைக்குக் கேட்கும் ஜிஆர்இ தேர்வின் மதிப்பெண் ஐந்து வருடம் செல்லும். 2023 செப்டம்பரிலிருந்து அந்தத் தேர்வே இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. நீ கேட்கிற பல்கலைக்கழகங்களுக்கு அது தேவைப்பட்டால், படித்த சூடு இருக்கும்போதே எழுதிவிடு. அதற்கப்புறம் வேலைக்குப் போனாலும் மதிப்பெண் கையில் இருக்கும். டோஃபல், ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வுகளின் மதிப்பெண் இரண்டு வருடம்தான், அவை அவசரமில்லை. பரிந்துரைக் கடிதம் தருவதாகச் சொன்ன உன் பிராஜெக்ட் கைடுக்கு இந்த வாரமே எழுது. இரண்டு வருடம் கழித்து அவருக்கு உன் முகம் நினைவிருக்கும், நீ என்ன செய்தாய் என்பது மறந்திருக்கும். அட்மிஷன் கிடைத்த பிறகு ஒரு வருடம் தள்ளிப்போட முடியுமா, தள்ளினால் உதவித்தொகையும் கூட வருமா என்று ஒவ்வொரு இடத்திலும் எழுத்தில் கேட்டு வாங்கு. சில இடங்களில் அட்மிஷன் காத்திருக்கும், பணம் காத்திருக்காது.

ஆஃபர் லெட்டர் வந்தால் சம்பளத்துக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று பார். விலகாமல் இருப்பதாக எழுதிக்கொடுக்கிற பாண்ட் எத்தனை வருடம், நோட்டீஸ் பீரியட் எத்தனை மாதம், நடுவில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும். கூடுதலாக ஒரு வாரம் அவகாசம் கேட்கப் பயப்படாதே. கேட்டதற்காக ஆஃபரைத் திரும்ப வாங்கியதை நான் உட்கார்ந்த மேசையில் ஒரு முறையும் பார்த்ததில்லை. ஆனால் ஆறு மாதத்தில் படிக்கப் போவது என்று உள்ளுக்குள் முடிவு செய்துவிட்டு, நீண்ட நாள் இருப்பேன் என்று சொல்லிக் கையெழுத்துப் போடாதே. அந்த இடத்துக்கு உன்னைப் போலவே இன்னொரு பிள்ளை பதிலுக்காகக் காத்துக்கொண்டிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூப்பிடுகிறேன். அந்த இருபது விளம்பரங்களை எடுத்துவை, நான் வட்டிக் கணக்கைத் தாளில் எழுதி வைக்கிறேன். அப்பாவும் பக்கத்தில் இருப்பார். ஒன்றும் பேசமாட்டார், ஆனால் நேற்றிலிருந்து மூன்று தடவை கேட்டுவிட்டார், "அவ சாப்பிட்டாளாமா? குரல் ஏன் அப்படி இருந்துச்சு?" என்று. முதலில் அதற்குப் பதில் சொல், மற்றதை அப்புறம் பேசலாம்.

அன்புடன்,
அம்மா