ஒரே கிடாரத்துச் சோறும் இரண்டு படிவங்களும்

ஆசிரியர் அவர்களுக்கு,

அனர்த்தம் மக்களை ஒன்றாக்கிவிடுகிறது என்று ஒவ்வொரு மழைக்காலத்திலும் மேடைகளில் பேசுகிறார்கள். அது பொய்யல்ல, ஆனால் எத்தனை நாளைக்கு என்பதை யாரும் சொல்வதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன்னர், எங்கள் தோட்டத்தில் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான மேல் லயத்துக்குப் பின்னால் மலையில் வெடிப்பு விழுந்திருப்பதைக் கண்டு, இரவோடிரவாக நாங்கள் போய்த் தங்கியது கீழேயுள்ள சிங்களக் கிராமத்து விகாரையின் தான மண்டபத்தில்தான். கிராமத்துப் பெண்கள் தேங்காய் துருவ, எங்கள் பெண்கள் பருப்பு வேகவைத்தார்கள். சந்தியிலுள்ள முஸ்லிம் கடைக்காரர் கொப்பியில் கடன் எழுதாமலே அரிசி மூட்டைகளை இறக்கினார். சாதி பார்த்துப் பக்கத்து லயத்தில் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காத எங்கள் பெரியவர்கள் சிலரும் அந்த ஒரே கிடாரத்துச் சோற்றுக்கு வரிசையில் நின்றார்கள் என்பதையும் மறைக்காமல் எழுத வேண்டும்.

இரண்டு வாரத்தில் நட்டஈட்டுப் படிவங்கள் வந்தன. கிராமத்தவர்களிடம் காணி உறுதி இருந்தது. எங்களிடம் லயக் காம்பராவின் இலக்கம் மட்டுமே இருந்தது. சிங்களத்தில் மட்டுமே அச்சிடப்பட்டிருந்த அந்தப் படிவத்தைப் பொறுமையாக வாசித்து விளக்கிய இளம் பிக்குவுக்கும், ‘வீட்டு உரிமையாளர்’ என்ற கட்டத்தில் எங்களுக்காக என்ன எழுதுவதென்று தெரியவில்லை. கடைசியில் அது வெறுமையாகவே போனது. அதற்குப் பின் அவர்களுக்கு ஒரு வரிசை, எங்களுக்கு ஒரு வரிசை.

இது எங்கள் தோட்டத்துக் கதை மட்டுமல்ல. சுனாமிக்குப் பின் நிவாரணத்தைப் பகிர்வதற்காக 2005 ஜூனில் அரசாங்கமும் விடுதலைப் புலிகளும் கைச்சாத்திட்ட பொதுக்கட்டமைப்பு உடன்படிக்கையின் முக்கிய பிரிவுகளுக்கு, மறு மாதமே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணில் புதையுண்டபோது நாடே அழுதது. ஆனால் தோட்டக் குடியிருப்புகளுக்குப் பிரதேச சபைகள் தடையின்றிப் பணியாற்றச் சட்டம் திருத்தப்பட்டது 2018இல்தான்.

ஆகவே, ஒரே மலைச்சரிவில் வாழும் தோட்டத்தையும் கிராமத்தையும் ஒரே அனர்த்த முகாமைத்துவக் குழுவில் மழைக்கு முன்னரே சேர்க்குமாறும், படிவங்களை இரு மொழிகளிலும் அச்சிடுமாறும், ‘உரிமையாளர்’ என்ற கட்டத்துக்கு அருகில் ‘வசிப்பவர்’ என்றொரு கட்டத்தையும் சேர்க்குமாறும் சம்பந்தப்பட்ட அதிகாரிகளைத் தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டப் பாடசாலை ஆசிரியர் ஒருவர்,
பதுளை மாவட்டம்.